பழைய கன்ட்ரி, ரேடியோ கன்ட்ரி: கோடு எங்கே விழுகிறது?

கம்பியிசை:

2025 ஜூனில் கிராமி அமைப்பு அமெரிக்க நாட்டுப்புற வேர்கொண்ட கன்ட்ரி இசையின் சிறந்த ஆல்பத்துக்கான விருதை இரண்டாகப் பிரித்தது. இனி பாரம்பரிய கன்ட்ரிக்கு ஒன்று, சமகால கன்ட்ரிக்கு ஒன்று. அந்தப் பிப்ரவரியில்தான் பியான்சேயின் 'கௌபாய் கார்ட்டர்' பிரிக்காத அந்த விருதை வாங்கியிருந்தது. ஏன் பிரித்தார்கள் என்று அமெரிக்காவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அதை இங்கே இழுத்துவர ஆசையில்லை. நான் கேட்பது இதுதான்: பாரம்பரியம் எங்கே முடிகிறது, வணிகம் எங்கே தொடங்குகிறது?

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். கடைசி முப்பது ஆண்டு ரேடியோ கன்ட்ரியில் பாட்டு மெலிந்துவிட்டது. பாட்டுக்குள் ஆட்களைக் காணோம். லொரெட்டா லின் தன் அப்பாவைப் பற்றி 1970இல் வெளியிட்ட பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டக்கி மலைப்பக்கம், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பா. கோடையில் பிள்ளைகளுக்குச் செருப்பு கிடையாது. குளிர்காலம் வந்தால் அப்பா ஒரு பன்றியை விற்று, தபாலில் பொருள் அனுப்பும் கம்பெனியின் பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் புதுச் செருப்பு வரவழைப்பார். மூன்று நிமிடப் பாட்டில் ஒரு குடும்பத்தின் வரவு செலவே தெரிந்துவிடுகிறது.

இப்போது 2013, 2014 ஹிட்டுகளை வரிசையாகக் கேளுங்கள். பிக்கப் லாரி, மண் ரோடு, பீர், ஆற்றங்கரை, அரைக்கால் ஜீன்ஸ் போட்ட பெண். அந்தப் பெண்ணுக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது, அவள் வாய் திறந்து ஒரு சொல் சொல்வதும் கிடையாது. அந்தச் சமயத்தில் ஒரு பாடலாசிரியர் ஆறு ஹிட் பாட்டுகளை எடுத்து, சுருதியையும் வேகத்தையும் லேசாகச் சரிசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டார். ஆறும் ஒரே பாட்டாக ஒலித்தன. சரணம் முடியும் இடம், பல்லவிக்கு ஏறும் இடம், கிட்டார் நுழையும் இடம் எல்லாம் அப்படியே பொருந்தின. கேட்காதவர்கள் தேடிக் கேளுங்கள்.

பெரம்பூர் ரயிலடி:

நல்ல இழை தம்பி. ஆனால் ஒரு கேள்வி.

எங்கள் ரயில்வே காலனியில் கன்ட்ரி என்றால் ஜிம் ரீவ்ஸ். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வந்தால் அவர் குரல்தான். எனக்கு அந்தக் குரலைவிடப் பாரம்பரியமானது எதுவும் இல்லை.

ஆனால் அவர் பாடிய விதம் எப்படி வந்தது? 1953இல் அவருக்கு முதல் பெரிய ஹிட் கிடைத்தபோது அவர் பாணியே வேறு. உரத்த குரல், துள்ளலான தாளம். பிறகுதான் மைக்குக்கு வெகு கிட்டே வந்து, காதோரம் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் பாடத் தொடங்கினார். ஃபிடில் (நாட்டுப்புறப் பாணியில் வாசிக்கும் வயலின்) போனது, ஸ்டீல் கிட்டார் போனது. பியானோ, வைப்ரஃபோன், பின்னணிக் குரல்கள், அப்புறம் வயலின் கூட்டம் வந்தன. பின்னால் இருந்தவர் தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ். பாப் கேட்பவர்களிடமும் ரெக்கார்டு விற்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்த வேலை. அந்தக் காலத்து ரசிகர்கள் பலர் இதை ஏற்கவில்லை.

உங்கள் கணக்குப்படி ஜிம் ரீவ்ஸ் எந்தப் பக்கம்?

கம்பியிசை:

ஐயா, அவர் பழைய பக்கம்தான். காரணம் சொல்கிறேன்.

1956இல் எல்விஸ் வந்தபின் இளைஞர்கள் கன்ட்ரியை விட்டுப் போனார்கள். பிழைக்க வழி தேடி அட்கின்ஸும் இன்னொரு தயாரிப்பாளர் ஓவன் பிராட்லியும் கண்டதுதான் நாஷ்வில் சவுண்ட். நாஷ்வில்தான் கன்ட்ரி ரெக்கார்டு தொழிலின் தலைநகர். அது என்ன என்று கேட்டவர்களுக்கு அட்கின்ஸ் பாக்கெட்டில் கையைவிட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டினார் என்பார்கள். ஆக, பணத்துக்காகச் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். ஒரு செஷன் மூன்று மணி நேரம், அதற்குள் நாலு பாட்டு. பாடகர், கிட்டார், பியானோ, பேஸ், டிரம்ஸ், பின்னணிக் குரல் எல்லோரும் ஒரே அறையில். எழுதிய நொட்டேஷன் பெரும்பாலும் கிடையாது. ஸ்வரக் கோர்வைகளை ஒன்று, நாலு, ஐந்து என்று எண்களால் ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள். பாடகர் சுருதியை மாற்றினாலும் எண் மாறாது. ஒரு தடவை பாடிப் பார்த்துவிட்டுப் பதிவு. பாடகி ஒரு சொல்லை இழுத்தால் பியானோக்காரர் காத்திருப்பார். 1961இல் வில்லி நெல்சன் எழுதிப் பாட்சி கிளைன் பாடிய 'கிரேஸி'யில் அவர் தாளத்துக்குக் கொஞ்சம் பின்தங்கியே வருவது நன்றாகத் தெரியும். கூட வாசிப்பவர்கள் யாரும் அவரை இழுத்துக்கொண்டு ஓடவில்லை. பெருநிறுவன வேலைதான், ஆனாலும் பாடுபவர் யார் என்பது கேட்கிறது.

மெட்டுக்காரன்:

பாரம்பரியம் என்று ஒன்று வணிகத்துக்கு முன்னால் இருந்தது என்ற எண்ணமே சரியில்லை.

1927 ஜூலை, ஆகஸ்டில் ரால்ஃப் பியர் என்ற ரெக்கார்டு கம்பெனி ஆள், டென்னசி, வர்ஜினியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டலுக்கு ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். பியர் கொடுத்தது பாட்டுக்கு 50 டாலர், அதோடு விற்பனையில் ஒரு சிறு பங்கு. பாட்டின் உரிமையைத் தன் பதிப்பகத்தில் வைத்துக்கொண்டார். அதனால் அவருக்கு வேண்டியது பழைய மாதிரி ஒலிக்கும், ஆனால் புதிதாக உரிமை பதியக்கூடிய பாட்டுகள். ஏ.பி. கார்ட்டர் மலைக் கிராமங்களில் பாட்டுத் தேடி அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கூடப் போன லெஸ்லி ரிடில் கறுப்பின கிட்டார் கலைஞர். கேட்ட மெட்டை அப்படியே நினைவில் பிடித்துவைத்துக்கொள்வார். ரெக்கார்டு உறையில் அவர் பெயர் இல்லை.

கிராண்ட் ஓல் ஆப்ரி? 1925 நவம்பரில் நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம் ரேடியோ நிலையத்தில் தொடங்கிய நிகழ்ச்சி. நிலையம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம். பாட்டு கேட்பவர்கள் பாலிசி வாங்குவார்கள் என்பதுதான் கணக்கு. அங்கே வாசித்த ஒரு குழுவின் தலைவர் ஹம்ஃப்ரி பேட், தொழில் செய்த டாக்டர். நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே அந்தக் குழுவுக்கு 'பாஸம் ஹன்டர்ஸ்' (பாஸம் ஒரு காட்டு விலங்கு) என்று மலைக்காட்டு வேட்டைக்காரர் பேரை வைத்து, பண்ணையாட்கள் மாதிரி உடை போடச் சொன்னார். நாட்டுப்புறத் தோற்றமே விற்பதற்காகச் செய்ததுதான்.

கம்பெனிகள் அப்போதே பட்டியலையும் பிரித்துவிட்டன. வெள்ளையர் வாசித்தால் ஒரு வரிசை, கறுப்பினத்தவர் வாசித்தால் வேறு வரிசை. ஒரே ஊரில் ஒரே பாட்டை இரண்டு பேரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள், பான்ஜோவே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாத்தியம். கிராமி போட்ட கோடு புதிது இல்லை.

நீலப்புல்:

பான்ஜோவும் ஃபிடிலும் வேகமாக ஓடும் கன்ட்ரி வகையான ப்ளூகிராஸைப் பழமையின் கடைசிச் சொல் என்பவர்களுக்கு: பில் மன்ரோ குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மூன்று விரல் பான்ஜோவோடு சேர்ந்தது 1945 கடைசியில். அந்த வேகத்தை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அது அன்றைய நவீன இசை.

ஹூஸ்டன்வாசி:

வாத்தியம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டெக்சஸில் நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கம் க்ரூன் ஹால் என்று 1878இல் கட்டிய நடனக் கூடம் இருக்கிறது. மரத்தரை, பக்கத்தில் கம்பி வலை போட்ட திறப்புகள், ஏசி கிடையாது. பெடல் ஸ்டீல் வாசிப்பவருக்கு மூன்றடி தள்ளி நின்று பார்த்திருக்கிறேன்.

கால் வைத்த மேசை மாதிரி ஒரு பெட்டி. மேலே பத்துக் கம்பி. இடது கையில் உருளையான ஒரு இரும்புத் துண்டு, அதைக் கம்பிமேல் சறுக்குவார். வலது கைப் பெருவிரலிலும் இரண்டு விரல்களிலும் மீட்டும் உறைகள். இடது பாதம் பெடல்மேல். வலது பாதம் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடல்மேல். இரண்டு முழங்கால்களும் பெட்டிக்கு அடியில் இருக்கும் லிவர்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். மூன்று கம்பி சேர்ந்து ஒலிக்கும்போது ஒரு சுரம் மட்டும் மெதுவாக மேலேறும், மற்ற இரண்டும் அசையாது. கமகத்தில் வளர்ந்த நம் காதுக்கு அது உடனே பிடித்துவிடும்.

ஹவாயிலிருந்து வந்த ஸ்டீல் கிட்டாரில் பிறகு சேர்த்த இயந்திர வேலை அது. 1954இல் வெப் பியர்ஸின் ஒரு ஹிட்டில் பட் ஐசக்ஸ் பெடலை அழுத்தி அந்த ஏற்றத்தைக் காட்டியபின் நாடு முழுக்க ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் வாத்தியத்தில் பெடல் மாட்ட ஆரம்பித்தார்கள். ஆகவே மெட்டுக்காரன் சொல்வதை நான் ஏற்கிறேன். புதுமை கன்ட்ரியைக் கெடுக்கவில்லை.

கெடுத்தது எதுவென்றால், ரேடியோ ஒரு சில கைகளுக்குப் போனது. 1996இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதற்குமுன் ஒரு கம்பெனி நாடு முழுவதும் 40 நிலையங்களுக்குமேல் வைத்திருக்க முடியாது. அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டார்கள். சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற கம்பெனி கையில் மட்டும் 1,200 நிலையங்கள்வரை. முன்பு டெக்சஸின் லப்பக் ஊரில் இருந்த நிலையத்தார் தனக்குப் பிடித்த உள்ளூர்ப் பாடகரின் ரெக்கார்டை ராத்திரி ஓட்டுவார். இப்போது பாட்டுப் பட்டியல் தலைமையகத்திலிருந்து வருகிறது. அறிவிப்பாளர் வேறு ஊரில் உட்கார்ந்து பல ஊர்களுக்குப் பேசிப் பதிவு செய்து அனுப்புகிறார். அந்தப் பட்டியலில் நுழையாத பாட்டுக்கு ரேடியோவே இல்லை என்றாகிவிட்டது. பாடலாசிரியர்கள் என்ன செய்வார்கள்? உள்ளே போகும் பாட்டைப் பார்த்து அதே அளவில் தைக்கிறார்கள். கம்பியிசை சொன்ன ஆறு பாட்டு ஒன்றுபோலப் பொருந்தியதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது.

டெக்சஸில் நாங்கள் கொஞ்சம் தப்பித்தோம். உள்ளூர்ப் பாட்டுக்கென்று தனி ரேடியோ தரவரிசையே இங்கே உண்டு. நாஷ்வில் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போடாத குழுக்கள் வார இறுதி நடனக் கூடங்களிலேயே பிழைக்க முடிகிறது. ஜோடி ஜோடியாக ஆட வருபவர்களுக்கு ஷஃபிள் தாளமும் ஃபிடிலும் வேண்டும், அதனால் அவை இன்னும் இருக்கின்றன.

வானம்பாடி:

ஹூஸ்டன்வாசி சொன்ன அந்தப் பட்டியல் யாரை வெளியே தள்ளியது என்பதையும் பேசுவோம். கம்பியிசை லொரெட்டா லின்னில் தொடங்கினார், பிறகு அந்த வழியே வரவில்லை.

கன்ட்ரி ரேடியோவில் ஆண்டு முழுக்க அதிகம் ஒலித்த பாட்டுகளில் பெண்கள் பாடியவை 2000இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 2018இல் பத்தில் ஒன்றை ஒட்டி வந்துவிட்டது. தானாக நடந்தது இல்லை. 2015இல் கீத் ஹில் என்ற ரேடியோ ஆலோசகர் தொழில் இதழ் ஒன்றில் வெளிப்படையாகவே சொன்னார்: நேயர் எண்ணிக்கை வேண்டுமென்றால் பெண்களின் பாட்டைக் குறையுங்கள், ஆண்கள்தான் சாலட்டின் கீரை, பெண்கள் அதில் தக்காளி. இரண்டு பெண்களின் பாட்டை அடுத்தடுத்து ஓட்டக் கூடாது என்பது பல நிலையங்களில் நெடுநாள் வழக்கம்.

இன்னொன்று. 2002இல் டிக்ஸி சிக்ஸ் (Dixie Chicks) என்ற பெண்கள் குழு வெளியிட்ட ஆல்பத்தில் டிரம்ஸே கிட்டத்தட்டக் கிடையாது. பான்ஜோ, ஃபிடில், உலோகத் தட்டு வைத்த டோப்ரோ கிட்டார். லட்சக்கணக்கில் விற்றது. பாரம்பரிய வாத்தியம் விற்காது என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப்போனது. 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சில நாள் முன்பு, லண்டன் மேடையில் அந்தக் குழுவின் பாடகி நட்டலி மெய்ன்ஸ் அதிபர் புஷ் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். உடனே நாடெங்கும் நிலையங்கள் பாட்டை நிறுத்தின. க்யூமுலஸ் கம்பெனி தன் கன்ட்ரி நிலையங்கள் அனைத்திலும் ஒரு மாதம் தடை போட்டது. நாட்டின் பெரிய குழு சில நாளில் ரேடியோவிலிருந்து காணாமல் போக முடிந்தது, ஏனென்றால் சாவி சிலர் கையில் இருந்தது.

பழையதா புதியதா என்பதைவிட இதுதான் என் கோபம்.

கொழும்புத்துறை:

வானம்பாடி அக்கா சொல்வது முழுக்க விளங்குது. ஆனால் புதிய ஆட்களுக்காக ஒருவராவது பேச வேண்டும்.

நான் இருப்பது டொராண்டோவில். ஊரில் இருந்தபோது எங்கட அப்பாவுக்கும் ஜிம் ரீவ்ஸ்தான், இலங்கை வானொலி ஆங்கில சேவையில் கேட்டுக் கேட்டுப் பழகியவர். என் மகளுக்கு அது பிடிபடவில்லை. அவள் கன்ட்ரிக்குள் வந்தது லூக் கோம்ஸ் வழியாக. 2023இல் அவர் 'ஃபாஸ்ட் கார்' பாட்டைத் திரும்பப் பாடினார். ட்ரேசி சாப்மன் 1988இல் எழுதிப் பாடியது. அதில் கடையில் கல்லாவில் நிற்கும் பெண் தன் கதையைத் தானே சொல்கிறாள். கோம்ஸ் ஆண் என்பதால் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, 'கல்லாப் பெண்' என்றே பாடினார். லாரியும் பீரும் இல்லாத பாட்டு, குடிகார அப்பாவும் விட்டுப்போன அம்மாவும் சம்பளக் கவலையும் உள்ள பாட்டு, கன்ட்ரி ரேடியோவில் முதலிடத்துக்குப் போனது. அந்த ஆண்டு சாப்மனுக்குச் சிஎம்ஏ (கன்ட்ரி இசைச் சங்கம்) சிறந்த பாடல் விருது கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்.

ஓம், ரேடியோ வாசல் குறுகல்தான். ஆனால் சனம் கதை கேட்கத் தயாராய் இருக்கிறது. 2015 சிஎம்ஏ மேடையில் கிறிஸ் ஸ்டேபிள்டன் பாடியபின் அவர் ஆல்பம் அடுத்த வாரம் முதலிடத்துக்கு ஏறியது. அதற்குமுன் ரேடியோ அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மகள் இப்போது ஸ்டேபிள்டனில் இருந்து பின்னுக்குப் போய்ப் பழைய பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸைக் கேட்கிறாள். அவளுக்கு எந்தக் கோடும் தெரியாது.

மெட்டுக்காரன்:

கோடு என்றதும் ஒரு விஷயம். பாட்டுத் தரவரிசை வெளியிடும் பில்போர்டு இதழ் 2012 அக்டோபரில் தன் முக்கியக் கன்ட்ரி பட்டியலின் கணக்கை மாற்றியது. அதுவரை கன்ட்ரி நிலையங்களின் ஒலிபரப்பு மட்டும்தான் கணக்கு. அப்புறம் பாப் நிலையங்கள், தரவிறக்கம், ஸ்ட்ரீமிங் எல்லாம் சேர்ந்தன. ஃப்ளோரிடா ஜார்ஜியா லைனின் 'க்ரூஸ்' ராப் பாடகர் நெல்லியோடு மறுபதிவாகிப் பாப் நிலையங்களில் ஓடிய ஓட்டமும் கன்ட்ரி பட்டியலில் சேர்ந்தது. 24 வாரம் முதலிடம்.

2019இல் அதே பில்போர்டு லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோட்' பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்தது. இன்றைய கன்ட்ரிக்குரிய கூறுகள் போதவில்லையாம். பொதுப் பட்டியலில் அது 19 வாரம் முதலிடத்தில் இருந்தது. ராப் கலந்த இரண்டு பாட்டில் வெள்ளையர் பாடியது உள்ளே, கறுப்பினப் பையன் பாடியது வெளியே. 1920களின் இரண்டு வரிசை பற்றி நான் எழுதியதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

பெரம்பூர் ரயிலடி:

ஜார்ஜ் ஜோன்ஸ் பேர் வந்ததால் கேட்கிறேன் தம்பி. பழைய கன்ட்ரியின் சிகரம் என்று எல்லோரும் காட்டும் அவருடைய 1980 பாட்டில் வயலின் கூட்டமே இருக்கிறதே?

கம்பியிசை:

இருக்கிறது ஐயா. தயாரித்தவர் பில்லி ஷெரில், கன்ட்ரியில் ஆர்கெஸ்ட்ராவைக் கொட்டுகிறார் என்று திட்டு வாங்கியவர். ஆனால் அந்தப் பாட்டில் வயலின்கள் எங்கே ஏறுகின்றன என்று கவனியுங்கள். சாகும்வரை அவளைக் காதலிப்பேன் என்று சொன்ன ஒருவன். அவள் பழைய கடிதங்களை வைத்திருக்கிறான், காதல் வார்த்தைகளில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறான். அவன் காதல் நின்ற நாள் அவனைத் தூக்கிப்போகும் நாள். அது நமக்குப் புரியும் இடத்தில்தான் வயலின்கள் மேலேறுகின்றன. ஜோன்ஸுக்கே அந்தப் பாட்டு பிடிக்கவில்லை, இவ்வளவு சோகத்தை யார் வாங்குவார்கள் என்றார். ஷெரில் விடவில்லை. இதற்காகத்தான் நான் வாத்தியக் கணக்குப் போடுவதில்லை.

இதே ஜோன்ஸை 1999 சிஎம்ஏ விருது விழாவில் அவருடைய புதுப் பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். அவர் மறுத்து விழாவுக்கே போகவில்லை. அன்று மேடையில் ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஜோன்ஸின் பாட்டில் ஒரு பகுதியைப் பாடிவிட்டு இறங்கிப் போனார். நேரலை. வீடியோவில் கூட்டம் எழுந்து நிற்பது தெரியும். முழுப் பாட்டுக்கு நேரமில்லை என்றவர்களிடம் அதைவிட நல்ல பதில் வேறு என்ன?

ஹூஸ்டன்வாசியும் வானம்பாடியும் எழுதியதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். அவர்கள் சொன்ன வாசலைப் பற்றி விருதுக்காரர்களும் யோசிக்க வேண்டும். பாரம்பரியத்துக்குத் தனி விருது வந்ததை நான் வரவேற்கிறேன். ரேடியோ தொடாத ஆல்பம் ஒன்று ஆண்டுக்கு ஒரு தடவையாவது பேர் சொல்லப்படும். ஆனால் அந்த அறைக்குள் யாரை விடுவார்கள் என்பதை ஃபிடிலையும் தொப்பியையும் வைத்து முடிவு செய்தால் நான் எதிர்ப்பேன். ஆறு பாட்டை ஒன்றாக்கிய அதே சூத்திரத்தின்மேல் ஸ்டீல் கிட்டாரை ஒட்டிவைத்தால் அது பாரம்பரியம் ஆகாது.

நீலப்புல்:

அப்படியென்றால் நடுவர்கள் முன் வரும் பெயர்களில் ரியானன் கிடன்ஸ் மாதிரி ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். கரோலைனா பக்கத்து வயதான கறுப்பின ஃபிடில் கலைஞர் ஜோ தாம்ப்சனிடம் நேரில் உட்கார்ந்து கற்றவர், பழைய பான்ஜோ வாசிப்பை மீண்டும் மேடைக்குக் கொண்டுவந்தவர். டிஃபோர்ட் பெய்லி ஆப்ரியின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர், ஹார்மோனிகாவில் ரயில் ஓட்டிக் காட்டியவர். 1941இல் அவரை நீக்கினார்கள். கன்ட்ரி இசையின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2005இல், அவர் இறந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆனபின். பாரம்பரிய விருது என்று பேர் வைத்தால் அவர் வழி வந்தவர்களுக்கும் அதில் இடம் வேண்டும்.

வானம்பாடி:

நீலப்புல், ஜோ தாம்ப்சன் வாசித்த பதிவுகள் எதிலிருந்து தொடங்கலாம் என்று தனி இழை போடுங்கள். நானும் கேட்க வேண்டும்.